விவாதம்: டான்ஸ் ஃப்ளோர் எல்லோருக்கும் பொதுவானதுதானா?

பின்வரிசை:
இசை பற்றிப் பேச்சு வந்தாலே "இசைக்கு வர்க்கம் கிடையாது, அது எல்லோரையும் ஒன்று சேர்க்கும்" என்று யாராவது ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குத் தொடங்கி விடியற்காலையில் முடிகிற ஒரு கிளப்பில் உள்ளே ஆடுகிறவர் யார், வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர் யார், வரிசைப் பக்கமே வராதவர் யார், உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பவர் யார் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்தால் அந்த வசனம் நிற்காது. ஆட்கள் இப்படிப் பிரிவது ரசனையாலா, பணத்தாலா, இல்லை வேறு எதனாலாவதா? ரசனைதான் என்று சொல்கிறவர்கள் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மேலே போகவும்: இன்று வசதியானவர்கள் ஆடுகிற இசையில் பெரும்பகுதி காசில்லாதவர்கள் உண்டாக்கியது. அப்படியென்றால் அவர்கள் ரசனையில் என்ன குறை கண்டீர்கள்?

கணக்குப்பிள்ளை:
பணம்தான், இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? ஆனால் டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே போனால் குடிக்க ஏதாவது வாங்கியாக வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. கடைசிப் பேருந்து போய்விட்டால் வாடகை வண்டி. அதற்கென்று ஒரு சட்டை, ஒரு காலணி. எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு மறுநாள் காலை. மாதச் சம்பளக்காரர் பதினொரு மணிக்கு எழுந்துகொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஷிஃப்ட்டில் நிற்க வேண்டியவர் என்ன செய்வார்? ஒரு நாள் கூலியையும் நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்துத்தான் அவர் கணக்குப் போடுகிறார். பிறகு நாம் "அவர்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை" என்று எழுதிக்கொள்கிறோம்.

ஊசிமுனை:
பணம் பாதிக் கதை. மீதிப் பாதியைப் பார்க்க எழுபதுகளின் நியூயார்க்கிற்குப் போக வேண்டும். 1970இல் டேவிட் மன்கூசோ தன் வீட்டு மாடியிலேயே ஆட்களைக் கூட்டி விருந்து நடத்த ஆரம்பித்தார், அதற்கு லாஃப்ட் என்று பெயர் வந்தது. மது விற்பனை கிடையாது, கட்டணம் கொஞ்சம்தான், வருகிறவர்கள் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், வெள்ளையர்கள், பெரும்பாலும் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்கள். அவர் வீட்டில் இருந்த ஒலிக்கருவிகளோ பெரிய கிளப்களிலும் கிடைக்காத தரம். அடுத்து லாரி லெவன் டிஜேயாக வாசித்த பாரடைஸ் கராஜ் கிளப், 1977 முதல் 1987 வரை, அங்கேயும் மது விற்கவில்லை. சிகாகோவில் அதே காலத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்த வேர்ஹவுஸ் கிளப், ஹவுஸ் என்ற நடன இசைக்கே அந்தக் கட்டடத்தின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

அதே 1977இல், அதே நியூயார்க்கில், ஸ்டூடியோ 54 என்ற டிஸ்கோ கிளப் திறக்கிறது. அங்கே காசு மட்டும் இருந்தால் போதாது. உரிமையாளர்களில் ஒருவரான ஸ்டீவ் ரூபெல் தானே வாசலில் நின்று "நீ வா, நீ வேண்டாம்" என்று பொறுக்குவார். சிக் என்ற டிஸ்கோ குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் அந்த வருடத்தின் கடைசி இரவு பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்து அங்கே போனார்கள். வாசலில் விடவில்லை. உள்ளே அவர்களுடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்த காலம் அது! கடுப்போடு வீட்டுக்குப் போய் வாசலில் இருந்தவனைத் திட்டி ஒரு வரி போட்டு வாசிக்க, அதை மாற்றி எழுதியதுதான் 1978இல் அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போன லெ ஃப்ரீக் என்ற பாட்டு. பின்வரிசை கேட்டதற்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை. பாட்டு உள்ளே போய்விடும், போட்டவர் வெளியே நிற்பார்.

நேர்ப்பேச்சு:
எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், கொஞ்சம் எதிர்ப்பக்கமும் இருக்கட்டும். கிளப் என்பது ஒருவருடைய சொந்த இடம். ஆளைப் பார்த்து விடுவது அவர் உரிமை. தவிர, ஊசிமுனை புகழ்கிற லாஃப்ட்டே அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான், பாரடைஸ் கராஜ் உறுப்பினர் அட்டை உள்ளவர்களுக்கு. அங்கே கதவைச் சாத்தினால் புனிதம், ஸ்டூடியோ 54இல் சாத்தினால் பாவமா? பெர்லினில் 2004இல் திறந்த பெர்க்ஹைன் கிளப்பில் ஏன் விடவில்லை என்று யாரும் காரணம் சொல்வதில்லை, அதனாலேயே உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். யாரையும் வடிகட்டாத இடத்தில் வெறித்துப் பார்க்க வருகிற கூட்டம்தான் சேரும்.

ஊசிமுனை:
அழைப்பிதழ் வைத்தது உண்மை. ஆனால் யார் வைத்தது என்று பாருங்கள். இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினாலே போலீஸ் உள்ளே வருகிற ஊரில், வெளியே எங்கும் நிம்மதியாக நிற்க முடியாதவர்கள் தங்களுக்காகப் போட்ட தாழ்ப்பாள் அது. எங்கும் நுழைய முடிந்தவர்கள் இன்னும் ஒரு கதவைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்வது வேறு. இரண்டும் தாழ்ப்பாள்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வெளியே நிற்பவருக்கு வேறு போக்கிடம் இருக்கிறதா என்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ராத்திரி ஷிஃப்ட்:
நான் ஒரு கிளப்பில் கோட்டும் பையும் வாங்கி வைக்கிற கவுண்ட்டரில் வேலை பார்த்தேன், வாசலுக்குப் பக்கத்திலேயே. அதனால் வாசலில் நடப்பது முழுக்கக் காதில் விழும். பவுன்சர் முதலில் பார்ப்பது முகத்தை இல்லை, காலை. பிறகு எத்தனை பேர், எத்தனை பெண்கள். அப்புறம்தான் முகம். "இன்று கெஸ்ட் லிஸ்ட் மட்டும்" என்பது அவர்கள் வாயில் தயாராக இருக்கும் வாக்கியம். அதைக் கேட்டு ஒருவர் திரும்பிப் போன மறு நிமிடமே பட்டியலில் பெயரே இல்லாத நாலு பேர் உள்ளே வருவார்கள், நான்தான் அவர்கள் கோட்டை வாங்கி டோக்கன் கொடுப்பேன். பவுன்சர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் என் மாதிரி நாள்கூலி, அதே காலணியோடு விடுமுறை நாளில் வந்தால் அவரையும் விட மாட்டார்கள். மேலே இருந்து "இன்று கூட்டம் சரியில்லை" என்று ஒரு செய்தி வரும், அந்தக் கூட்டம் என்றால் யார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியேற்றப்படுகிறவர்களில் பலர் அதற்குப் பிறகு வருவதே இல்லை. காசு வைத்திருப்பார்கள், இசை பிடிக்கும், டிஜே பெயர் சொல்லிக் கேட்டு வந்திருப்பார்கள். நண்பர்கள் முன்னால் ஒரு தடவை அப்படி நின்றால் போதும்.

கணக்குப்பிள்ளை:
ராத்திரி ஷிஃப்ட், இது நான் யோசிக்காத செலவு. கணக்கில் ஏறாது, ஆனால் மனிதர் வாழ்நாள் முழுக்கக் கட்டுவார்.

மேல்மாடம்:
இதைக் கிளப்களோடு நிறுத்தாதீர்கள், இருநூறு வருடத்துக்கு முன்பே நாடக, ஓபரா அரங்குகளில் இதே சண்டை நடந்திருக்கிறது. லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கம் 1808இல் எரிந்துபோய் அடுத்த வருடம் திறந்தபோது, கட்டிய செலவை ஈடுகட்ட டிக்கெட் விலையை ஏற்றினார்கள். அதோடு மூன்றாவது மாடி முழுக்கப் பணக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் தனி அறைகள். ஏழைகள் உட்காரும் உச்சி மாடத்தில் இருந்து பார்த்தால் நடிகர்களின் கால்தான் தெரியும் என்று புகார். சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டிக்கெட் வாங்கி உள்ளே வந்து மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, மணி அடித்து, ஊதி, "பழைய விலை" என்று கத்தி, கிட்டத்தட்ட மூன்று மாதம் ஒரு காட்சியையும் நிம்மதியாக நடத்த விடவில்லை. கடைசியில் மேலாளர் கெம்பிள் மன்னிப்புக் கேட்டு, தரைப்பகுதியின் விலையைக் குறைத்து, தனி அறைகளின் எண்ணிக்கையையும் குறைத்தார்.

நியூயார்க்கில் இன்னும் வேடிக்கை. அகாடமி ஆஃப் மியூசிக் என்ற ஓபரா அரங்கில் இருந்த சில தனி அறைகளைப் பழைய பணக்காரக் குடும்பங்கள் பிடித்து வைத்துக்கொண்டு புதுப் பணக்காரர்களுக்கு விடவில்லை. இவர்கள் சும்மா இருப்பார்களா, 1883இல் மெட்ரோபாலிடன் ஓபராவையே கட்டிவிட்டார்கள், அறைகளை அடுக்கடுக்காக வைத்து! மூன்றே வருடத்தில் அகாடமி ஓபரா நடத்துவதை நிறுத்திவிட்டது. இதில் இசையின் பங்கு என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

இசைக்கலைஞர் எங்கே உட்கார்ந்தார் என்றும் பார்க்கலாம். 1761இல் இசையமைப்பாளர் ஹெய்டன் எஸ்தர்ஹாசி பிரபுவின் அரண்மனையில் போட்ட ஒப்பந்தத்தில் வெள்ளைக் காலுறை, பவுடர் போட்ட தலை என்று சீருடை வரை எழுதியிருக்கிறது. இருபது வருடம் கழித்து மொட்சார்ட், தன்னை வேலைக்கு வைத்திருந்த பேராயரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏவலாட்களுக்குக் கீழே, சமையற்காரர்களுக்கு மேலே தன்னை உட்கார வைத்ததாக அப்பாவுக்குக் கிண்டலாக எழுதினார்.

பின்வரிசை:
மேல்மாடம் அண்ணா, அந்தப் "பழைய விலை" கலவரத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். இன்று டிக்கெட் விலை ஏறினால் நாம் புலம்பிவிட்டு வாங்கிவிடுகிறோம், அவ்வளவுதான்.

செவ்வந்தி:
பெண்கள் பற்றி ராத்திரி ஷிஃப்ட் ஒரு வரியில் தாண்டிவிட்டார், நான் கொஞ்சம் நிறுத்துகிறேன். "பெண்களுக்கு அனுமதி இலவசம்" என்று போடுவதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். இலவசமாக விடுவது எல்லாப் பெண்களையும் இல்லை. இளமை, உயரம், உடை எல்லாம் பார்த்துத்தான். பெரிய பாட்டில் வாங்குகிற மேசைகளைச் சுற்றி நிற்பதற்கென்றே பெண்களை அழைத்து வர புரொமோட்டர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் கமிஷன், அந்தப் பெண்களுக்குக் குடிப்பதும் சாப்பிடுவதும் இலவசம், பணம் கிடையாது. மேசைக்காரர் கொடுக்கிற காசில் இவர்கள் இருப்பதற்கும் சேர்த்துத்தான் விலை. அங்கே வேலை செய்கிற பெண் வேறு கதவு வழியாக வருகிறாள்.

அப்புறம் வீடு திரும்புவது. கணக்குப்பிள்ளை வாடகை வண்டியைச் செலவு என்றார், எங்களுக்கு அது செலவு மட்டும் இல்லை. நடந்து போகலாம், காலை முதல் பேருந்துக்குக் காத்திருக்கலாம் என்ற வழியெல்லாம் ஆண்களுக்கு. வண்டிக்குக் காசில்லாத பெண் ஒன்று பாதியில் கிளம்புகிறாள், இல்லை வரவே மாட்டாள். வீட்டில் குழந்தை இருந்தால் பேச்சே இல்லை.

நேர்ப்பேச்சு:
செவ்வந்தி அக்கா சொல்வது சரி, அது வேறு பிரச்சினை. ஆனால் இந்த இழையில் ஏழைகள் என்றால் எல்லோரையும் அரவணைப்பவர்கள் மாதிரி ஒரு படம் வரைகிறீர்களே, அதுதான் ஒட்டவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த டெக்னோ என்ற மின்னணு நடன இசையைப் பாருங்கள். அதைத் தொடங்கிய வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் வளர்ந்தது ஓரளவு வசதியான சூழலில். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே உயர்நிலைப் பள்ளிக் கறுப்பின மாணவர்கள் நடத்திய பார்ட்டிக் குழுக்கள் ஐரோப்பியப் பெயர் வைத்துக்கொண்டு, இத்தாலிய உடை போட்டுக்கொண்டு, முரட்டுப் பையன்கள் என்று தாங்கள் நினைத்தவர்களை வர வேண்டாம் என்று துண்டறிக்கையிலேயே போட்டார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயும் வாசல் இருந்தது.

ஊசிமுனை:
அதை நான் மறுக்கவே இல்லை, சொல்லப்போனால் என் கட்சிக்கு அது பலம். கார் ஆலைச் சம்பளத்தில் ஒரு தலைமுறை மேலே வந்த ஊரில், கொஞ்சம் முன்னேறிய வீட்டுப் பிள்ளைகள் கீழே இருப்பவர்களிடம் இருந்து தங்களை விலக்கிக் காட்ட எடுத்த கருவி அந்த உடையும் அந்த இசையும். வர்க்கம் வேலை செய்வதே அப்படித்தான். மேலே ஒரே ஒரு கதவு இருந்தால் உடைத்துவிடலாம், படிக்குப் படி கதவு இருக்கிறது.

காசே தேவைப்படாத ஒரு கதவும் உண்டு. இங்கிலாந்தின் வடக்கே விகன் கசீனோவில் 1973 முதல் 1981 வரை விடிய விடிய நார்தர்ன் சோல் ஆட்டம், சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின இசை. ஆலை, தொழிற்சாலை வேலைக்காரப் பிள்ளைகள், மது கிடையாது, வழுக்கி ஆட வசதியாகத் தரையில் டால்கம் பவுடர், காலை எட்டு மணிக்கு முடிப்பார்கள். ஓடியது அமெரிக்காவில் விற்காமல் போன அறுபதுகளின் சோல் இசைத்தட்டுகள். சரி, இங்கே சமத்துவம் என்று நினைத்தால், அங்கேயும் டிஜேக்கள் அரிதான தட்டின் லேபிள்மேல் தாள் ஒட்டி மறைத்து, பொய்ப் பெயர் சொல்லி வாசிப்பார்கள், மற்றவன் தேடி வாங்கிவிடக் கூடாதாம். பணத்தில் உயர முடியாதவர்கள் தெரிந்து வைத்திருப்பதில் உயர்ந்துகொண்டார்கள். ஆனாலும் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்த ஏணி. ஒரு தொழிலாளி காது கொடுத்துக் கேட்டால் ஏறலாம்.

மேல்மாடம்:
பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ 1979இல் வந்த தன் பெரிய நூலில் காட்டியது இந்த விலகலைத்தான், ஒருவர் எந்த வர்க்கம் என்பதை இசை ரசனை போலக் காட்டிக்கொடுப்பது வேறில்லை என்றார். ஆனால் அவர் காலத்தில் மேட்டுக்குடி என்றால் செவ்வியல் மட்டும் கேட்பார்கள் என்ற படம். 1996இல் பீட்டர்சன், கெர்ன் என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்கக் கணக்கெடுப்புகளை வைத்து வேறு ஒன்றைச் சொன்னார்கள்: மேல்தட்டினர் இப்போது ஓபராவும் கேட்பார்கள், நாட்டுப்புறமும் கேட்பார்கள், ராக்கும் கேட்பார்கள், எல்லாம் மேய்கிறவர்கள். இன்று "எனக்கு எல்லா இசையும் பிடிக்கும்" என்று சொல்லும் வசதியே ஒரு அடையாளமாகிவிட்டது. குப்பத்தில் பிறந்த இசையையும் அவர் ரசிப்பார், ஏர்கண்டிஷன் அறையில், நல்ல ஸ்பீக்கரில். அந்தக் குப்பத்துப் பையன் அவர் போகும் கச்சேரிக்கு வந்தால் மட்டும் பக்கத்து இருக்கைக்காரர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

கணக்குப்பிள்ளை:
சட்டத்தை யாரும் தொடவில்லையே. வாசல் காவலாள் செய்வதை அரசாங்கமும் செய்திருக்கிறது. நியூயார்க்கில் 1926இல் ஒரு கேபரே சட்டம், உரிமம் இல்லாத இடத்தில் ஆட்களை ஆட விட்டாலே குற்றம். ஜாஸ் கிளப்களில் கறுப்பரும் வெள்ளையரும் கலக்கிறார்கள் என்ற எரிச்சல் அதன் பின்னால் இருந்ததாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். அந்தச் சட்டம் 2017 வரை உயிரோடு இருந்தது. 1940 முதல் 1967 வரை மது விற்கும் இடத்தில் வாசிக்கிற கலைஞர்களுக்குப் போலீஸ் கொடுக்கிற அட்டை வேறு வேண்டும். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேக்கு 1947 தண்டனைக்குப் பிறகு அட்டை மறுக்கப்பட்டது. ஆனால் அடுத்த வருடமே அவர் கார்னெகி ஹாலில் பாடினார், அரங்கம் நிறைந்தது! மரியாதையான கூட்டம் மரியாதையான அரங்கில் கேட்டால் அதே குரல் கலை, சின்னக் கிளப்பில் கேட்டால் போலீஸ் விவகாரம்.

லண்டனில் போலீஸ் 2005இல் கொண்டுவந்த 696 என்ற படிவம் இன்னும் வெளிப்படை. நிகழ்ச்சி நடத்துகிறவர் முன்கூட்டியே கலைஞர்கள் பெயர், முகவரி, என்ன வகை இசை என்று எழுதித் தர வேண்டும், தொடக்கத்தில் வரப்போகும் கூட்டம் எந்த இனம் என்றுகூடக் கேட்டார்கள். கிரைம் (grime), கராஜ் (garage) என்ற இசை வகைகளை வாசிக்கிற இளைஞர்களின் நிகழ்ச்சிகள்தான் அதிகம் ரத்தாயின. 2017 நவம்பரில் கைவிட்டார்கள்.

ஊசிமுனை:
1994இன் பிரிட்டிஷ் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் ராத்திரி பலத்த இசையோடு நூறு பேர் கூடினால் கலைக்கலாம் என்றார்கள், இசை என்றால் என்ன என்பதற்கு விளக்கமாகத் திரும்பத் திரும்ப வரும் தாளம் என்று எழுதி வைத்தார்கள். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் இங்கிலாந்தின் காசில்மோர்ட்டன் வெளியில் ஆயிரக்கணக்கானவர்கள் கட்டணமே இல்லாமல் ஒரு வாரம் ஆடியதன் பின்விளைவு. கலைத்த கூட்டம் காணாமல் போகவில்லை, டிக்கெட் வாங்கி உள்ளே போகும் கூட்டமாக மாறியது.

ஜெர்மனியில் எதிர்த்திசை. 2016இல் நீதிமன்றம் பெர்க்ஹைன் நடத்துவது கச்சேரிக்குச் சமம் என்று சொன்னதால் டிக்கெட்டுக்கு 19 சதவீத வரி இல்லை, 7 சதவீதம். 2024இல் பெர்லின் டெக்னோ அந்த நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியது.

பின்வரிசை:
நல்லதுதான், ஆனால் வரி குறைந்ததால் வாசல் அகலமானதா? அரங்குகளுக்கு மரியாதை வந்ததும் சுற்றிலும் வாடகை ஏறி, முதலில் ஆடியவர்கள் அந்தப் பகுதியை விட்டே போக வேண்டியதாகிறது. சிகாகோவில் 1979 ஜூலை 12 இரவு டிஸ்கோ தட்டுகளை மைதானத்தில் வெடிவைத்து உடைத்தார்கள், ஒரு தட்டும் 98 சென்ட்டும் கொண்டுவந்தால் பேஸ்பால் ஆட்டத்துக்கு அனுமதி. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன் கவனித்தது, வந்து குவிந்த தட்டுகளில் டிஸ்கோவே இல்லாத கறுப்புக் கலைஞர்களின் தட்டுகள் நிறைய. அவரே சில வருடத்தில் ஹவுஸ் இசையின் முதல் தட்டுகளில் ஒன்றை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அன்று வெடிவைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே தாளத்துக்கு விலை கொடுத்து ஆடுகிறார்கள். லாரன்ஸ் மாதிரி ஒரு பையன் இன்று கருவி வாங்கவோ ஒத்திகை பார்க்கவோ எங்கே போவான்? சம்பளம் இல்லாமல் இரண்டு வருடம் சின்ன இடங்களில் வாசித்துப் பெயர் எடுக்க வேண்டும் என்கிறார்கள், அந்த இரண்டு வருடச் சாப்பாட்டை யார் போடுவது? மேடையில் நிற்பவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகளாகவே இருப்பதற்குத் திறமையைக் காரணம் காட்டாதீர்கள்.

நேர்ப்பேச்சு:
எல்லாம் சரி, வரலாறு போதும். நாளைக்குக் காலையில் ஒரு கிளப் முதலாளி இதைப் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? கதவைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டுமா? இடத்தில் இருநூறு பேர்தான் பிடிக்கும், வெளியே அறுநூறு பேர் நிற்கிறார்கள், யாரையாவது திருப்பி அனுப்பித்தானே ஆக வேண்டும்?

செவ்வந்தி:
முதலில் வந்தவருக்கு முதலில். அது தெரியாதா?

ராத்திரி ஷிஃப்ட்:
செவ்வந்தி சொன்னதோடு இன்னொன்று. என்ன காலணி, என்ன உடை, எத்தனை மணிக்குள் வர வேண்டும், எவ்வளவு கட்டணம் என்று எல்லாவற்றையும் வாசலிலும் டிக்கெட்டிலும் எழுதி ஒட்டட்டும். "கூட்டம் சரியில்லை" என்பதையும் எழுதி ஒட்ட முடிந்தால் ஒட்டட்டும், பார்க்கலாம். கடைசிப் பேருந்துக்கு முன்னால் முடிகிற மாதிரி மாதத்தில் சில நாளாவது வைக்கலாம். அப்புறம், உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு விடுமுறை நாளில் அதே கதவு வழியாக வர அனுமதி கொடுக்கலாம், நான் இருந்த இடத்தில் அது கிடையாது.

நேர்ப்பேச்சு:
விதியை எழுதி ஒட்டினால் எல்லோரும் அதற்குத் தகுந்த மாதிரி உடுத்திக்கொண்டு வந்துவிடுவார்களே, அப்புறம் எப்படிப் பிரிப்பது?

ராத்திரி ஷிஃப்ட்:
வரட்டுமே. எதற்குப் பிரிக்க வேண்டும்?